ஒரு சொட்டும் விழாத தட்டு

எங்கள் டெக்கர் குடும்பத்து வீட்டுவண்டிக்கு அறுபது வயது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவோம். உள்ளே அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உண்டு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் மிச்சிகன் ஏரிக்கரையில் பழைய வண்டிகள் கூடும். அங்கே பெர்னிஸ் அம்மாள் வைத்ததுதான் சட்டம். கழிவுத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பச் சொல்வார். வெளிக்குழாயின் மூடியைக் கழற்றி, கீழே வெள்ளைக் காகிதத் தட்டு வைப்பார். பத்து நிமிடத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

முப்பது வருடமாக எங்கள் தட்டு நனைந்ததில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் பேத்தி ட்ரீனா ஒரு தட்டோடு வந்தாள்.

"தாத்தா, நாமளே ஒரு தடவை வச்சுப் பாக்கலாமா?"

"எதுக்கு? நம்ம வண்டி ஒழுகுனதா சரித்திரமே இல்ல."

அவள் தொட்டியை நிரப்பித் தட்டை வைத்தேவிட்டாள். டொக்!

தொட்டியின் வாயை அடைக்கும் வால்வு தேய்ந்திருந்தது. கடைக்குப் போய்ப் புதிய வால்வு வாங்கி வந்து நானே மாட்டினேன். டொக், டொக்!

"புது வால்வே மட்டம். நாம போக வேண்டாம். டெக்கர் குடும்பம் நனைஞ்ச தட்டோட நிக்காது."

"வருஷம் பூரா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்! ஸ்பேனரக் குடுங்க, தாத்தா."

தண்ணீரை வடித்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். நான்கு போல்ட்டுகளையும் கழற்றினாள். வால்வின் இருபுறமும் இரண்டு ரப்பர் வளையங்கள். அதில் ஒன்று மடங்கியிருந்தது.

"நான் போட்டது மடங்காது" என்றேன்.

"அப்ப அதுவா மடங்கிக்கிச்சு போல, தாத்தா."

வளையத்தை நேராக்கி, குழாய்களுக்கு நடுவே வால்வை நுழைத்தாள். மறுபடியும் மடங்கியது. இன்னொரு முறையும் மடங்கியது. மூக்கில் கரியோடு வெளியே வந்து உட்கார்ந்து யோசித்தாள்.

"அம்மா விரல்ல மோதிரம் சிக்கிக்கிட்டப்போ சோப்பு போட்டுத்தானே எடுத்தோம்?"

சமையலறைக்கு ஓடி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டுவந்து வளையங்களில் தடவினாள். வால்வு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. போல்ட்டுகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

தொட்டியை நிரப்பித் தட்டை வைத்தோம். பத்து நிமிடம் போயிற்று. "இன்னும் அரை மணி நேரம் இருக்கட்டும்" என்றாள். தட்டின் மேல் ஓர் எறும்பு ஏறி, கால் நனையாமல் இறங்கிப் போனது.

மறுநாள் ஏரிக்கரையில் பெர்னிஸ் எங்கள் தட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"வழக்கம்போல காஞ்சுதான் இருக்கு, டெக்கர். வால்வு புதுசா? யாரு மாட்டுனது?"

"தாத்தா..." என்று ட்ரீனா ஆரம்பித்தாள்.

நான் தொப்பியைக் கழற்றினேன். "நான் மாட்டுனேன், ஒழுகுச்சு. இவ மாட்டுனா, நின்னுடுச்சு."

காய்ந்த தட்டில் குடும்பப் பெயரை எழுதி வண்டியின் கதவில் தொங்கவிடுவது பெர்னிஸின் வழக்கம். அவர் பேனாவைத் திறந்தார்.

"இந்தத் தடவை ட்ரீனா டெக்கர்னு எழுதுங்க" என்றேன். "எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."