பழகிய காது

காலையில் மகிழினியின் காதுக்குள் 'டிக்' என்று மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. செவித்துளி தன் ராத்திரி வேலையை முடித்துவிட்டது. இனி எழுந்திருக்கலாம். அவள் எழவில்லை, கண்ணை மூடியபடியே கிடந்தாள். ஒரு நாளிலேயே இந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குப் பிடித்தது.

மாடித் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. உலகத்தில் முதன்முதலாக யாரோ தண்ணீர் ஊற்றுவதைப் போல விழுந்தது. தெருவில் கீரை வண்டிக்காரரின் குரல் அப்போதுதான் பிறந்த குரலாகப் போனது. தினமும் போடுகிற அதே பாட்டைப் போட்டாள். பல்லவி முடிவதற்குள் கண் கலங்கியது. நேற்றும் இப்படித்தான் கலங்கியது. நாளைக்கும் கலங்கும்.

அப்போது எதிர் அறையின் ஒலித்தடைக் கதவு திறந்தது. தருணேஷ் வெளியே வந்து தொண்டையைச் செருமினார். "ம்ஹ்ஹும்... ஹக்... ஹக்." ஸ்டார்ட் ஆகாத பழைய மொபெட்டைத் திரும்பத் திரும்ப உதைப்பது போன்ற செருமல். மகிழினியின் உடம்பு முழுவதும் கூசியது. இந்த மனிதர் இத்தனை வருஷமாக இப்படித்தான் செருமுகிறார். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அது அவளுக்கு முதல் செருமல்.

செவித்துளி முதலில் காது மந்தமானவர்களுக்காக வந்தது. கடுகளவு இருக்கும், காதுக்குள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பதிப்பில் அதோடு 'நாள்புதுக்கம்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மூளை பழகிப்போகிறதே, அந்தப் பழக்கத்தை அது ஒவ்வொரு இரவும் துடைத்துவிடும். எந்தப் பாட்டும் சலிக்காது. நல்ல காது உள்ளவர்களும் ஓடிப்போய் வாங்கினார்கள். மகிழினியும் தருணேஷும் அப்படி வாங்கியவர்கள்தான்.

சலிக்காமல் போனது பாட்டு மட்டுமல்ல என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. குறட்டையும், உறிஞ்சிக் குடிக்கிற காபியும், மாமியாரின் பெருமூச்சும்கூடப் பழகவில்லை. கல்யாணச் சீரில் கட்டிலோடு ஒலித்தடைக் கதவும் வைக்கிற வழக்கம் வந்தது. கோயம்புத்தூரில் அந்தக் கதவுக்குப் பெயர்போன பட்டறை தருணேஷுடையதுதான். பிள்ளைகள் தலையெடுத்ததும் தம்பதிகள் ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டார்கள். அதற்கு 'இருமனை' என்று நாகரிகமாக ஒரு பெயரும் இருந்தது. யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இந்த மாதக் கடைசியில் தருணேஷும் சிங்காநல்லூர் வீட்டுக்குப் போகிறார்.

அன்று இருவரும் கூடத்தில் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை எதுவும் கிடையாது. அதுதான் சங்கடமாக இருந்தது.

"குக்கரு எனக்கு வேணும். நீங்க வேற வாங்கிக்கங்க."

"சரி. அடுப்பாச்சும் எனக்கா?"

"அடுப்ப வெச்சு என்ன பண்ணப்போறீங்க? சுடுதண்ணியா?"

"அதுவும் நல்லாத்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் செருமினார். மகிழினி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மிருதுகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார்.

மகள் மிருதுளாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

"நீங்க சொல்லுங்க. உங்க செல்லந்தானே அவ."

"நீ சொன்னா பக்குவமா சொல்லுவே, மகி."

"ஆகாத காரியம்னா மட்டும் மகியா?"

அவர் பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே கம்பி வைத்த இன்-இயர் ஹெட்போன்கள் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று கம்பி வெளுத்து, காதில் வைக்கிற ரப்பர் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. இன்னொன்று உறை பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய பாட்டுப் பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

"அட!" என்றாள் மகிழினி. கை தானாக நீண்டது.

கல்லூரிக் காலத்தில் தருணேஷ், மலிவு விலை ஹெட்போன்களைப் பற்றி ஒரு இணையக் குழுவில் விமர்சனம் எழுதுவான். நல்ல ஹெட்போன் வாங்கக் கையில் காசில்லாதவர்கள் கூடிய குழு அது. ஒருநாள் இந்த ஜோடியைப் பற்றி எழுதினான். 'அடித்தொனி கெட்டிச் சட்னி மாதிரி எல்லாத்து மேலயும் வழியுது. குரல் ஒரு மெல்லிசான திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னு பாடுது. ஸ வர்ற இடத்துல ஊசி குத்துது. ஆனா கவலைப்படாதீங்க. நூறு மணி நேரம் மழைச்சத்தத்த ஓடவிடுங்க. உள்ள இருக்கற சவ்வு இளகி, எல்லாம் சரியாயிடும். நான் பண்ணிப் பாத்துட்டேன்.'

அதன் கீழே முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதினாள். 'ஹெட்போன் இளகலைங்க. உங்க காது பழகிடுச்சு. அவ்வளவுதான்.'

அந்த வாதம் இணையத்தில் முடியாமல் காந்திபுரத்து பேக்கரிக்கு வந்தது. தேங்காய் பன்னும் டீயுமாகப் பல சாயங்காலம் நடந்தது. பிறகு பொள்ளாச்சி பஸ்ஸில், ஒரு கம்பியின் இரண்டு முனையும் இரண்டு பேர் காதில் இருக்க, வாதமே இல்லாமல் நடந்தது. கடைசியில் ஒரு பந்தயம் கட்டினார்கள். அதே ஹெட்போனில் இன்னொரு ஜோடி வாங்கிப் பிரிக்காமல் வைப்பது. பழையதை நன்றாக ஓடவிட்ட பிறகு, மகிழினி கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்பது. வித்தியாசம் தெரிந்தால் தருணேஷ் ஜெயித்தான். தெரியாவிட்டால் மகிழினி. தோற்றவர் முதலில் தன் வீட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பந்தயம் நடக்கவே இல்லை. அதற்குள் அவள் அண்ணன் அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"இப்ப முடிச்சிருவோமா?" என்றார் தருணேஷ்.

"என்னத்த?"

"பந்தயத்தத்தான். தோத்தவங்க மிருதுகிட்ட சொல்லணும்."

அவள் அவரையே பார்த்தாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் சொல்லி முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி" என்றாள்.

அவர் பாட்டுப் பெட்டிக்கு ஒரு புது மின்கலம் பொருத்தினார். செவித்துளி இருக்கிற காதில் ஹெட்போன் நுழையாது. பத்து வருஷத்துக்குப் பிறகு இருவரும் துளிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார்கள். எதுவும் கேட்காமல் போய்விடும் என்று மகிழினி பயந்திருந்தாள். எல்லாம் கேட்டது. மின்விசிறி, குழாய்ச் சொட்டு, தெருநாய். ஆனால் எதிலும் மினுமினுப்பு இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி உலகம் சும்மா இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். முதல் ஜோடியைக் காதில் வைத்ததும் முகம் சுருங்கியது. "கடவுளே! பானைக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு. இதக் கேட்டா நாம உருகினோம்?"

"அபிப்பிராயம் அப்புறம். அடுத்தது கேளு."

அடுத்தது இன்னும் மோசம். அடித்தொனியே இல்லை. தகரத்தைச் சுரண்டுவது போலிருந்தது. "முதல் ஜோடிதான் பழசு. அதுதான் தேவல" என்றாள்.

"பாத்தியா! பாத்தியா!" என்று தருணேஷ் எழுந்தே விட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல, இளகும்னு!"

மகிழினி கண்ணைத் திறந்து புது ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருங்க, ஆடாதீங்க. ரப்பரத் தொட்டுப் பாருங்க. உறைக்குள்ளயே கெடந்து கல்லாட்ட ஆயிருக்கு. காத அடைக்கவே இல்ல. அப்புறம் அடித்தொனி எங்க நிக்கும்?"

பழைய ஜோடியின் ரப்பரைப் புதியதில் மாட்டிக் கேட்டாள். மறுபடி பழையதில் மாட்டிக் கேட்டாள். இரண்டிலும் அதே பானை, அதே சட்னி, அதே ஊசி. எது எதென்று சொல்லவே முடியவில்லை. தருணேஷுக்கு மனசு ஆறவில்லை. கதவுகளைச் சோதிக்கிற ஒலியளவியைக் கொண்டுவந்து இரண்டையும் அளந்தார். திரையில் ஒரு கோடு வந்தது. அடுத்த கோடு அதன் மேலேயே படிந்தது.

வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது கொஞ்சங்கூட மாறல" என்றார்.

"மாறல."

"மாறுனதெல்லாம் நாமதான்."

மகிழினிக்கு ஜெயித்தது போலவே இல்லை.

"சரி. தோத்தது நாந்தான். ஞாயித்துக்கிழம மிருதுகிட்ட நானே சொல்லிர்றேன்." ஹெட்போனைச் சுற்றிக்கொண்டே அவர் நிறுத்தினார். "ஆனா, உன் கட்சில பாதிதான் நிரூபணம் ஆயிருக்கு. ஹெட்போன் மாறாதுங்கறது சரி. காது பழகும்னியே, அது? இன்னிக்கு உனக்குப் பானதானே கேட்டுச்சு?"

"அதுக்கு?"

"ஞாயிறு வரைக்கும் துளியப் போடாம கேட்டுப் பாரு. நானும் போடல. சோதனைன்னா முழுசா பண்ணணும்ல."

எதையாவது சாக்கு வைத்து ஆறின டீயை நீட்டிக் குடிக்கிற அந்தப் பழைய பையன் ஒரு கணம் எட்டிப் பார்த்தான். மகிழினி சம்மதித்தாள்.

முதல் இரண்டு நாள் நரகம். காலையில் 'டிக்' இல்லை. பாட்டு சப்பென்றிருந்தது. செருமல் மட்டும் அப்படியே இருந்தது. அவர் செருமும்போதெல்லாம் கிண்ணத்தில் கிடந்த துளியைப் பார்த்துக்கொண்டாள். போட்டுக்கொண்டு தன் அறைக் கதவைச் சாத்திவிடலாம். ஆனால் சாயங்காலமானால் ஹெட்போன் கேட்க வேண்டும். இருப்பது ஒரே பாட்டுப் பெட்டி, காதுக்குச் சரியான ரப்பர் ஒரே ஜோடி. அதனால் ஆளுக்கொரு காது என்றானது. கம்பி நீளம் போதாமல் சோபாவில் நெருங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க."

"தள்ளுனா காதுலருந்து புடுங்கிக்கும்."

எந்த நாள் என்று சொல்ல முடியவில்லை. வாரத்தின் நடுவில் எங்கேயோ சட்னி கெட்டி குறைந்தது. ஊசி மழுங்கியது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற குரல், யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து நின்றது. பாட்டு புதிதாகக் கேட்கவில்லை. தெரிந்த பாட்டாகக் கேட்டது. பத்து வருஷமாகத் தினமும் அவளை அழவைத்த பாட்டு ஒருநாளும் எதையும் கூடவே கொண்டுவந்ததில்லை. இது கொண்டுவந்தது. சரணம் தொடங்கும்போது பஸ் உக்கடத்தைத் தாண்டும். ஜன்னலில் மீன் வாசனை வரும். அவன் கத்தரிப்பூக் கலரில் ஒரு சட்டை போட்டிருப்பான். அந்த இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. அவள் காதிலிருந்து ஹெட்போன் கழன்று விழ, அவன் அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கொடுப்பான்.

"உக்கடம்" என்றாள் மகிழினி.

"வேகத்தட" என்றார் தருணேஷ்.

பாட்டு முடிந்த பிறகும் யாரும் கம்பியைக் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிருதுளா வந்தாள். கூடத்து மூலையில் கட்டி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் அப்பாவோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சமையலறைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மகிழினி ரசத்துக்குப் புளித்தண்ணீரில் தக்காளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே மனசு அந்தப் பெட்டிகளைச் சுற்றித்தான் வந்தது. சாப்பாடு முடிந்ததும் சொல்லுவாரா? முன்னாலேயே சொல்லுவாரா?

"அம்மா" என்று மிருதுளா கிசுகிசுத்தாள். "அப்பாக்கு என்னாச்சு? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"ஏன் கண்ணு? நல்லாத்தானே இருக்காரு?"

"வந்ததுலருந்து செருமிட்டே இருக்காரும்மா. என்னால பக்கத்துல உக்காரவே முடியல. இதோ, இப்பக்கூட. உனக்குக் கேக்கலையா?"

மகிழினியின் கை புளித்தண்ணீரிலேயே நின்றது. மகளின் கிசுகிசுப்பு கேட்கிறது. சுவர்க் கடிகாரம் கேட்கிறது. வேண்டுமென்றே காதைக் கூடத்துப் பக்கம் அனுப்பினாள். 'ம்ஹ்ஹும்... ஹக்... ஹக்.' அதே மொபெட். அதே உதை. காலையில் காபி குடிக்கும்போது அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கீரை ஆயும்போது பக்கத்தில் இருந்தார். அப்போதெல்லாம் செருமியிருக்கத்தானே வேண்டும்? நேற்று? முந்தாநாள்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். கடைசியாக எப்போது கேட்டோம் என்று நினைவுக்கு வரவே இல்லை.

"மிருது, இங்க வா சாமி" என்று கூடத்திலிருந்து தருணேஷ் கூப்பிட்டார். "அப்பா உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

மகிழினி ஈரக் கையோடு மகளுக்கு முன்னால் போனாள். அவர் அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி நின்றிருந்தார்.

"அது வந்து... நானும் அம்மாவும்..."

"அப்பா ஒரு பந்தயத்துல தோத்துட்டாரு" என்றாள் மகிழினி. "அதத்தான் சொல்ல வெக்கப்படறாரு."

தருணேஷ் அவளைப் பார்த்தார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"ஆமா கண்ணு" என்றார். "நல்லாவே தோத்துட்டேன்."

"என்ன பந்தயம்? அப்ப இந்தப் பெட்டியெல்லாம் எதுக்கு?"

"பழைய சாமான். பரண்லருந்து எறக்குனது. நீ போறதுக்குள்ள மறுபடி எடுத்து அடுக்கணும். அப்பாக்கு ஒரு கை குடு."

தருணேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்து, பலமாகச் செருமினார். மிருதுளா காதைப் பொத்திக்கொண்டாள். மகிழினி திரும்பியும் பார்க்கவில்லை. தாளிக்க வைத்த எண்ணெய் காய்ந்திருக்கும் என்று உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.