நகல் தங்கும் வீடு

அந்த வரி உதைத்தது. திங்கட்கிழமை, மாலை ஆறு பத்து, வெளியே, நூற்று அறுபத்தைந்து கிலோ.

பாலசுந்தரம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மறுபடி படித்தான். ரெட்டிபாளையம் தாண்டி இருந்த அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் எடைமேடையும் கணினியும் அவன் பொறுப்பு. லாரி என்றில்லை, மேடையில் எது ஏறி நின்றாலும் கணினி எடையைக் குறித்துக்கொள்ளும். வாசலுக்கு ஒரே வழி அந்த மேடைதான். காவலாளி பையைச் சோதித்து முடிக்கிறவரை அவனும் மொபெட்டோடு அதன்மேல்தான் நிற்பான். ஆளும் வண்டியும் சோற்றுப் பையும் சேர்ந்து நூற்றுப் பத்து. ஒன்றரை வருஷமாக அதே நூற்றுப் பத்து.

அந்தப் பையில் தினமும் ஒரு சி.டி. போகும். குவாரி ஆபீசில் தீப்பிடித்தாலும் இடி விழுந்தாலும் கணினியில் இருப்பதன் நகல் வேறிடத்தில் பிழைத்திருக்க வேண்டும் என்பதால், அரியலூரில் அவன் வீட்டு பீரோவில்தான் எல்லா நகலும் இருந்தன. அவை ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று தலைமை அலுவலகம் கேட்டதால் இன்று நேற்றைய சி.டி.யைக் கொண்டுவந்து இரண்டாவது கணினியில் திறந்திருந்தான். இல்லாவிட்டால் இந்த வரிகளை யார் சீந்தப்போகிறார்கள்.

செவ்வாய் காலை, உள்ளே, நூற்றுப் பத்து. மாலை, வெளியே, நூற்று எழுபத்தைந்து. புதன் காலை, உள்ளே, நூற்றுப் பத்து. அவனோடு போனது எதுவும் அவனோடு திரும்பி வரவில்லை.

சித்திரை வெயிலின் சூடு தார்ச்சாலையில் இன்னும் தணியாத அந்த மாலைகளில், ரயில்வே கேட் மேட்டில் மொபெட் இரண்டு ஆள் ஏறிய வண்டியாய் முக்கி முனகியதும், ஈரச்சாக்கைப் போர்த்தியதுபோல முதுகில் மட்டும் ஒரு குளிர் வழிநெடுக ஒட்டிக்கொண்டு வந்ததும், வீட்டுக்குள் கால் வைத்ததுமே பீரோவிலிருந்து அப்போதுதான் உடைத்த சுண்ணாம்புக்கல்லின் வாசம் அடித்ததும், மனைவி பரிமளா மூன்று தடவை பெருக்கியும் தரையில் வெள்ளைத் தூசி படிந்துகொண்டே இருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வண்டியைச் சர்வீசுக்கு விட வேண்டும் என்று சாக்குச் சொல்லித் தன்னைத் தேற்றிவைத்திருந்தான். நேற்றிரவு அவன் மகள், ஒன்பது வருஷம் தவமிருந்து பெற்ற நாலு வயசு கவியா, பாயின் விளிம்பில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "இடம் பத்தலப்பா," என்றாள்.

யாருக்கு இடம் விட்டாள் என்று இப்போது தெரிந்தது.

போன சனிக்கிழமை மாலை அவன் கிளம்பிப் போனபிறகு குவாரியில் மண் சரிந்தது. பொன்னாயி, வீரமணி, சம்பூர்ணம், கூலியாட்கள் மூன்று பேர் மண்ணுக்குள்ளே. தோண்டவே இல்லை. திங்கட்கிழமை காலை மேனேஜர் அரங்கநாதன் அவன் தோளில் கை போட்டார்.

"மூணு பேரும் வெள்ளிக்கெழமையே திருப்பூர் போயிட்டாங்கய்யா. சனிக்கெழம வருகைப் பதிவுல பேரு இருக்கக் கூடாது."

"சரிங்க சார்."

"வேற எங்கயும் இல்லியே?"

"இல்லீங்க சார்."

பாலசுந்தரம் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. கணினியிலிருந்து மூன்று பெயரையும் அழித்தான். அந்தப் பெயர்களோடு சனிக்கிழமை சி.டி. மட்டும் அழியாமல் பீரோவில் இருந்தது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை, உடைக்கவும் கை வரவில்லை. அந்த மூன்று பேரும் அன்று வேலைக்கு வந்தார்கள் என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு வீடுதான் மிச்சம்.

நாற்காலியைத் திருப்பி, ஓடிக்கொண்டிருந்த முதல் கணினியைப் பார்த்தான். நேற்று மாலை, வெளியே, நூற்று அறுபது. மூன்றாவது ஆளும் போயாயிற்று.

அதற்குக் கீழே இன்று காலை. உள்ளே. நூற்று இருபத்தைந்து.

தனியாகத்தான் வந்தான். பையில் சோறும் சி.டி.யும்தான். பதினைந்து கிலோ.

தொலைபேசி அடித்தது. பால்வாடிக்கு எதிர் பூத்திலிருந்து பரிமளா.

"என்னங்க, இன்னைக்கு புள்ளைங்களுக்கு எடை போட்டாங்க. கவியாவத் தராசுப் பையில தொங்கவுட்டா முள்ளு நவுரவே இல்லீங்க."

"தராசு கெட்டிருக்கும்."

"அடுத்த புள்ளைக்குச் சரியா காட்டுதே."

"பரிமளா. புள்ளயத் தூக்கிக்க. கீழ எறக்கிடாத."

"தூக்கித்தாங்க வச்சிருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "தூக்கியிருக்கற மாதிரியே இல்லீங்க."

லாரி எதுவும் வந்த சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எடைமேடை உச்சி வெயிலில் காலியாகக் கிடந்தது. அதன் பெட்டியில் சிவப்பு எண் எரிந்தது.

பதினைந்து.

"கவியா..." என்றான்.

எண் பூஜ்யமானது. மேடைக்கு அப்பால், வழியெங்கும் மூடியிருந்த வெள்ளைத் தூசியில் ஒரு சின்னப் பாதம் பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவசரமில்லாமல், சரிந்த மண்ணை நோக்கி.