மூன்றாம் கட்டில்

மழை விட்ட பிற்பகலில் அம்சவள்ளி சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். கள்ளக்குறிச்சியின் பழைய தனியார் ஆஸ்பத்திரி அது. யாருக்கு எந்தக் கட்டில் என்று கணினியில் பதிவது அவள் வேலை.

தாழ்வாரத்தில் பினாயில் வாடை. ஒரு ஸ்ட்ரெச்சர். அதன்மேல் சாலம்மாள் செத்துக் கிடந்தாள்.

கல்வராயன் மலையிலிருந்து மூச்சுத்திணறலோடு வந்தவள். காலையில் அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன நம்பிக்கினு கீறேன்மா" என்றவள்.

கட்டில் மாற்றுவது கணினிக்கு இரண்டு வேலை. பொது வார்டுக் கட்டிலிலிருந்து பெயரை எடுக்கவேண்டும். தீவிரச் சிகிச்சைக் கட்டிலில் எழுதவேண்டும். இரண்டும் நடக்கவேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக்கூடாது. கடைசியில் 'உறுதி' பொத்தானை அழுத்தும்வரை அந்த மாற்றம் செய்தவரின் திரையில் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்குக் கட்டில் காலிதான்.

சாலம்மாளைத் தீவிரச் சிகிச்சையின் மூன்றாம் கட்டிலுக்கு மாற்ற அம்சவள்ளி இரண்டையும் செய்திருந்தாள். உறுதி மட்டும் பாக்கி. "டாக்டர் சரின்னதும் நான் குடுத்துடறேன், நீ போய்ச் சாப்பிடு" என்றிருந்தான் பக்கத்து இருக்கை தனசேகரன். அவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவன்.

"அண்ணா, இன்னா பண்ணீங்க?"

"மணலூர்பேட்டையிலேர்ந்து எங்க மாமா வந்துட்டாரு. இருந்தது ஒரு கட்டிலு. ரத்து பண்ணிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "உன் பேர்லதான் திறந்திருந்துச்சி. யாராச்சும் கேட்டா, நீ மறந்துட்டன்னு சொல்லிடலாம்."

அவனை இனி அண்ணா என்று கூப்பிட முடியாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் கட்டிலின் பதிவைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. வேறு யாரோ அதை முடிக்காமல் பிடித்துவைத்திருந்தால்தான் இப்படிக் காத்திருக்கும்.

யார் என்று கணினியைக் கேட்டாள்.

அம்சவள்ளி என்று அவள் பெயரே வந்தது.

அந்தத் தொடர்பைத் துண்டித்தாள். மறுபடி வந்தது.

தீவிரச் சிகிச்சை அறையிலிருந்து மாமாவின் குரல்: "டேய் தனசேகரா, யாரோ பக்கத்துல ஒண்டிக்கினு படுக்கறாங்கடா. ஈரமா, சில்லுனு..."

"அங்க யாரும் இல்ல மாமா!"

தனசேகரன் சர்வரையே அணைத்தான். "திரும்பப் போட்டா, முடியாததெல்லாம் அழிஞ்சிடும்" என்று முணுமுணுத்தான். அது சரிதான். உறுதியானது மட்டுமே மிஞ்சும்.

திரை விழித்தது.

மூன்றாம் கட்டில்: சாலம்மாள்.

இருவரும் ஓடினார்கள். மாமா சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். கட்டிலில் ஆளில்லை. தலையணைமேல் ஆக்சிஜன் முகமூடி கிடந்தது.

அதன் உட்புறத்தில் ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.