இரண்டாவது மட்டை

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். தி.நகரில் பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குக் காமாக்ஷி ஞாயிறு மத்தியானங்களில்தான் போவாள். அன்று வகுப்பு கிடையாது. விருப்பமுள்ளவர்கள் வந்து பழகிக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர் என்று அவளைத் தவிர ஒரு ஜீவன் வந்ததில்லை. நாற்பது வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று ஆபீஸில் சிரித்தார்கள். அம்மா போனபிறகு மயிலாப்பூர் வீட்டில் ஒண்டியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் பார்த்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏசி அறைக்குள் தூசி வரக்கூடாது என்று செருப்பைக் கதவுக்கு வெளியே விடவேண்டும். அன்று அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு இருந்தது.

"உள்ள யாராவது இருக்காளா?"

"யாருமில்லம்மா. காலைல பூட்டத் தொறக்க வரும்போதே கெடந்துச்சு," என்றார் வாட்ச்மேன் சுயம்புலிங்கம். சாப்பிடக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே குளிர், பினாயில் வாசனை. உறை போர்த்திய கம்ப்யூட்டர்கள் வரிசையாகத் தூங்கின. அவள் ஒன்றை மட்டும் எழுப்பினாள்.

ஒரு மாதமாக அவள் எழுதிவந்த புரோகிராம் ஒரு பந்தாட்டம். திரையின் இடது ஓரம் ஒரு மட்டை, வலது ஓரம் ஒரு மட்டை, நடுவே ஓடும் பந்து. பாடப்புத்தகத்தில் அது இருவர் ஆடும் ஆட்டம். வலது மட்டையை நகர்த்தும் வரிகளை அவள் எழுதவே இல்லை. அந்தப் பக்கம் உட்கார யார் வரப்போகிறார்கள்?

பச்சைப் பந்து புறப்பட்டது. அடித்தாள்.

வலது மட்டை நகர்ந்து பந்தைத் திருப்பியது.

காமாக்ஷி கையை எடுத்துக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அதை நகரச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. வலது மட்டை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். இப்போது அந்தப் பக்கம் வெறும் இருட்டு.

பந்து இருட்டுக்குள் போனது.

எதிலோ பட்டுத் திரும்பி வந்தது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. நனைந்த துணி வாசனை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவளோடு யாராவது ஒரு ஆட்டம் ஆடி எத்தனை நாளாயிற்று! விரல் தானாகக் கீயைத் தேடியது. அவள் கோட்டைவிட்ட போதெல்லாம் அடுத்த பந்து மெதுவாக வந்தது. விட்டுக்கொடுத்து ஆடுகிற கை.

"யாரு நீங்க?" என்று முணுமுணுத்தாள்.

பந்து மட்டும் வந்தது.

சாயங்காலம் சுயம்புலிங்கம் கதவைத் தட்டினார். "பூட்டணும்மா." அவள் வெளியே வந்ததும், "இங்க கெடந்த செருப்பு எங்க போச்சு?" என்று குனிந்து தேடினார்.

அவள் செருப்பு மட்டும்தான் இருந்தது.

பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அவள் பக்கத்து இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

வீட்டு வாசலில், அவள் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. கீழே நீலச் செருப்பு, உள்ளே போனவர் கழற்றிவிட்ட மாதிரி, கதவைப் பார்த்து.

காமாக்ஷி தன் செருப்பை அதன் பக்கத்தில் விட்டாள். பூட்டைத் திறந்தாள். அடுக்களைக்குப் போய், காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள்.