பன்னிரண்டு மணி நேர மயில்

பிணத்தின் விரல் நுனிகளில் நீல மெழுகு ஒட்டியிருந்தது!

காலை ஷிப்டுக்கு வந்த இர்பானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மோசஸ்... நேற்று மாலைவரை இதே ஷெட்டில் நகை வார்த்துக்கொண்டிருந்த மோசஸ் அண்ணன்! மண்டை பிளந்து கிடந்தார்.

"கத்தாத!" சுப்பராயன் ஷட்டரை உள்பக்கம் பூட்டினான். அவள் செல்போனைப் பிடுங்கினான். "போலீசுக்குப் போவேன்னு பேஜாரு பண்ணான். முடிச்சிட்டேன். இனிமே வார்ப்பு வேலையும் நீதான்!"

சுப்பராயன், தி.நகர் நகைப் புரோக்கர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்துப் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"சார்... நான் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு மிஷின்ல மெழுகு செதுக்குறவ. வார்ப்பு ஒரு தடவகூட செஞ்சதில்ல!"

"கத்துக்கோ! இன்னிக்கே!"

மேஜைமேல் ஒரு வைர மயில் பதக்கத்தின் போட்டோக்கள். நாளைக் காலை அசல் மயில் ஒரு மணப்பெண்ணின் கழுத்தில் ஏறும். அதற்குள் போலி மயில் ரெடியாக வேண்டும். மண்டபத்தில் மாற்றிவிடுவான்.

இர்பானாவுக்குப் புரிந்துவிட்டது. பிணத்தைப் பார்த்தவளை இவன் வெளியே விடப் போவதில்லை. மயில் முடிந்தால் அவளும் முடிந்தாள். செய்ய மறுத்தால் இப்போதே!

பழவேற்காட்டில் வாப்பா சாயங்கால பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே...

பிணத்தின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டான் சுப்பராயன்.

சுவரில் மோசஸ் கைப்பட எழுதிய காகிதம். கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

மெழுகுக்குக் காம்பு ஒட்டு. இரும்புக் குழாய்க்குள் நிறுத்து. வெள்ளை மாவைக் கரைத்து ஊற்று. இறுகியதும் அடுப்பில் வை. மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த பள்ளத்தில் வெள்ளியை ஊற்று.

"எம்மா நேரம் ஆவும்?"

"அடுப்புல மட்டும் பன்னெண்டு மணி நேரம் சார்."

"யார்கிட்ட கத விடுற?"

"அவசரமா சூடேத்துனா அச்சு வெடிச்சிடும். வேணும்னா யாரையாவது கேளுங்க."

கேட்டான்! எவனுக்கோ போன் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தான். "சரி... ஆரம்பி."

"சார்... இன்னா கெழம இன்னிக்கி?"

"செவ்வாய். எதுக்கு?"

"கல்யாணம் நாளைக்குன்னீங்களே... அதான்." மூலையிலிருந்த இரண்டு கரண்ட் அடுப்புகளைக் காட்டினாள். "மொத தடவ செய்றேன். ஒரே அச்ச நம்ப முடியாது. நேத்து செதுக்குன மயிலு ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு செதுக்கிக்கிறேன். ரெண்டு அடுப்பும் போடலாம். ஒண்ணு சொத்தையானா இன்னொண்ணு தேறும்."

"ம்... மூள வேல செய்யுதே!"

மிஷின் ஊசி மெழுகுக் கட்டியைச் சுரண்டியது. கொண்டை... கழுத்து... தோகை! காம்பு ஒட்டினாள். மாவு ஊற்றினாள். பழக்கமில்லாமல் பாதியைத் தரையில் கொட்டினாள். திட்டு வாங்கினாள்.

பத்தரைக்கு இரண்டு அடுப்புகளும் உறுமின.

பதினொன்று... பன்னிரண்டு... ஒன்று...

யாரும் வரவில்லை. நம்பி மோசம் போய்விட்டோமோ? ஷட்டரையே பார்த்தாள்.

இரண்டு மணி.

டம்! டம்! டம்!

சுப்பராயன் துள்ளி எழுந்து கத்தியை அவள் கழுத்தில் வைத்தான். "யாரு?"

"கரண்டு ஆபீஸ்! தொறய்யா!"

"அப்பால வாங்க சார்!"

"இப்ப தொறக்கல... கம்பத்துல ஃப்யூஸ புடுங்கிடுவேன்!"

சுப்பராயனுக்கு வியர்த்தது. கரண்ட் போனால் அடுப்பு அணையும். அச்சு பாழ். நாளைய மயில் அம்பேல்!

"மூச்சு விட்ட... செத்த!" அவளை மிஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கத்தியை இடுப்பில் செருகி, ஷட்டரை அரை ஆள் உயரம் தூக்கினான்.

"இன்னா சார்?"

"இன்னா சாரா?" வெளியே மின்வாரியப் பொறியாளர் சேகர் இரைந்தார். "ஊரெல்லாம் மின்வெட்டு! செவ்வாக்கெழம இந்தப் பேட்டைக்கு பவர் ஹாலிடே! லைட்டு, ஃபேன் தவிர எதுவும் ஓடக்கூடாது. தெருவுல மத்த மீட்டர்லாம் தூங்கிக்கினு கீது... உன்னுது மட்டும் பம்பரமா சுத்துது! உள்ள இன்னா ஓட்டற?"

"பாத்து செய்யலாம் சார்..."

"நகருய்யா!" குனிந்து உள்ளே நுழைந்தார் சேகர்.

அவர் பின்னால்... இரண்டு கான்ஸ்டபிள்கள்!

"போ... போலீஸ் எதுக்கு?"

"போன வாரம் ஒரு ஷெட்டுல எங்காளுங்கள அடிச்சிட்டானுங்க. அதுலேந்து தொணைக்கி வராங்க!"

"சார்! அந்தத் தார்ப்பாயத் தூக்கிப் பாருங்க!" மிஷினுக்குப் பின்னாலிருந்து வீறிட்டாள் இர்பானா.

சுப்பராயன் ஷட்டருக்குப் பாய்ந்தான். கான்ஸ்டபிளின் லத்தி அவன் முழங்காலில் இறங்கியது.

விலங்கு பூட்டியபோது அவளை முறைத்தான். "ஹாலிடேன்னு உனக்கு முன்னியே தெரியுமாடி?"

"மூணு வருஷமா இந்தப் பேட்டையிலதான் சார் வேல பாக்குறேன். ஒரு அடுப்புன்னா கண்ணுல படாம போயிடுமோன்னுதான் ரெண்டா போட்டேன்!"

"அவங்க வருவாங்கன்னு எப்பிடிடி நம்புன?"

இர்பானா, சேகர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"கரண்டு இல்லன்னு பத்து தடவ போன் பண்ணாதான் சார் வர மாட்டாங்க. இருக்குன்னு தெரிஞ்சா... கூப்புடாமலே ஓடியாந்துடுவாங்க!"