குளிர் அறையில் தொலைந்த செய்திகள்

ஆட்டோவிலிருந்து அந்த இரும்புப் பெட்டியை இறக்கி மாடிக்குத் தூக்கிவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேலே இருந்தது காசிநாதனின் ஆபீஸ். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் துப்புத் துலக்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு. கம்ப்யூட்டர் சென்டர் நடத்திச் சலித்துப்போய் அவரோடு கூட்டுச் சேர்ந்தவள் மேகலா. பெட்டியைப் பார்த்ததுமே அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கொண்டு வந்தவள் லப்பைக்குடிகாடு ஹபீபா. உட்காரச் சொன்ன பிறகும் நின்றபடியே பேசினாள்.

"என் தம்பி ஜாவித் சவூதியில மவுத்தாயிட்டான் சார். டிரைவர் வேலைன்னு போனவன ஒட்டகம் மேய்க்க விட்டுட்டாங்க. பாஸ்போர்ட்டையும் புடுங்கிக்கிட்டாங்க."

ஹபீபா வீட்டிலிருந்தே ஒரு வெப்சைட் நடத்தினாள். வளைகுடாவுக்குப் போனவர்கள் தங்களை அனுப்பிய ஏஜென்டுகளைப் பற்றி அதில் எழுதலாம். எல்லாமே முதலில் அவள் பார்வைக்கு வரும். புகார்களை வெளியிடுவாள், எங்காவது மாட்டிக்கொண்டவர்களுக்காகத் தூதரகத்துக்குப் போன் மேல் போன் போடுவாள். அப்படி ஊர் திரும்பியவர்கள் பலர்.

"ஜாவித் கூட இருந்தவரு போன் பண்ணாரு. தண்ணி லாரியில தொத்திக்கிட்டு டவுனுக்குப் போயி, நெட் சென்டர்ல எனக்கு எழுதிக்கிட்டே இருந்தானாம். 'நான் எழுதுனதப் படிச்சிட்டும் லாத்தா சும்மா இருக்கு'ன்னு, அக்கா என்னை ஏசிக்கிட்டேதான் கண்ண மூடுனானாம்." அவள் குரல் உடையவில்லை; வறண்டிருந்தது. "எனக்கு ஒண்ணுமே வரலீங்க. மத்தவங்க எழுதுனதெல்லாம் வந்துச்சு. அவன் எழுதுனது மட்டும் எங்க போச்சு?"

"உங்க சைட்ட ஓட்டற இந்த சர்வர் இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் மேகலா.

"சென்னையில, இந்த மாதிரி மிஷினுங்கள ஏசி ரூம்ல வாடகைக்கு வெச்சிருப்பாங்களே, அந்த டேட்டா சென்டர்ல. என் சின்னம்மா மவன் அஸ்லாம்தான் ராசாங்கம்னு ஒரு புரோக்கரக் கூட்டியாந்தான். அவரு இடம் புடிச்சுக் குடுத்தாரு. நல்லாத்தான் ஓடுச்சு. மாசத்துல ஒரு சனிக்கிழம மட்டும் பகல் பூரா சைட் வராது. தம்பி போன பிறகு மிஷினத் திருப்பிக் கேட்டேன். மறுநாளே கொண்டாந்து குடுத்துட்டாரு. பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியும் சார்."

மேகலா மூடியைக் கழற்றினாள். உள்ளே காற்றாடியின் இறக்கைகளில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. காசிநாதன் ஒரு துணுக்கை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். அது மையாய்ப் பரவியது. அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

காசிநாதன் தேடிப்போன ராசாங்கம் முன்பு வீடு, மனை புரோக்கர். "இதுவும் வாடகைக்கு இடம் பாக்கறதுதான் சார்," என்றார் சிரித்தபடி. "அஞ்சாறு சென்டர்ல விலை கேட்டு, தோதானதாப் பாத்து முடிச்சுவிடுவேன். எனக்குக் கமிஷன் சென்டர்காரனே குடுத்துடுவான். உள்ள போகணும்னா விரல் ரேகை வெக்கணும், செருப்பக் கழட்டணும். காத்தக்கூட வடிகட்டித்தான் விடுவான். ஈ நுழையாது."

"சென்டரோட போட்ட அக்ரிமென்ட்டப் பாக்கலாமா?"

"எல்லாம் என் பேர்லதாங்க போடறது. அந்தம்மாவுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"சனிக்கிழமைகள்ல சைட் நின்னுபோகுமாமே?"

"சென்னையில மெயின்டனன்ஸ் சார்."

அடுத்த தெருவில் அஸ்லாமின் டிராவல்ஸ். போர்டில் பெரம்பலூர், எறையூர் என்று இரண்டு ஊர் எழுதியிருந்தது. ஜாவிதின் பேரை எடுத்ததுமே அவன் கண்கள் நிறைந்தன.

"நான்தான் சார் விசா எடுத்துக் குடுத்தேன். அங்க வேலைக்கு எடுத்த ஸ்பான்சர் இப்படிப் பண்ணுவான்னு கண்டேனா? பயந்துக்கிட்டு தன் பேர மறைச்சு அத்தா பேரப் போட்டு எழுதியிருக்கான், பாவம். வந்திருந்தாலும் அதே பேருல வேற யாரோன்னு லாத்தா தாண்டித்தான் போயிருக்கும்."

"அந்த சைட்ல உங்க மேல புகார் எதுவும் உண்டா?"

"ஒண்ணுகூட கிடையாது. அதப் பாத்துட்டுத்தான் லாத்தாவே தம்பிய என்கிட்ட ஒப்படைச்சுச்சு."

ஆபீசுக்குத் திரும்பியதும் காசிநாதன் சவூதிக்குப் போன் போட்டு ஜாவிதின் கூட்டாளியிடம் சிறிது நேரம் பேசினார். அதன் பிறகு எல்லாரையும் எறையூருக்கு வரச் சொன்னார்.

அஸ்லாமின் எறையூர் ஆபீஸ் ஒரு உரக்கடைக்கு மேல் மாடி. ஜன்னலுக்கு வெளியே சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அரவைக் காலம். ராசாங்கத்தின் வெள்ளைச் சட்டைத் தோளில் கறுப்புத் துணுக்கு ஒன்று வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டார், அது இழுபட்டுக் கோடானது.

"சர்வருக்குள்ளயும் இதேதான் இருந்துச்சு," என்றார் காசிநாதன். "கரும்புச் சக்கை எரிஞ்ச கரி. காத்த வடிகட்டி விடற சென்னை ரூமுக்குள்ள இது எப்படிப் போகும்? ஜெனரேட்டர் வெச்சிருக்கற சென்டர் ஒரு நாள் பூரா ஏன் நிக்கணும்? மின்சார ஆபீஸ்ல கேட்டேன். சைட் நின்ன சனிக்கிழமைங்க எல்லாம் எறையூர்ல மின்தடை."

மேகலா மூலையிலிருந்த மேஜைக்குக் கீழே குனிந்தாள். டெலிபோன் லைனும், சர்வரை மாட்டியிருந்த இன்டர்நெட் மோடமும் அங்கேயே இருந்தன. "சர்வர் சென்னைக்குப் போகவே இல்ல சார்!"

ராசாங்கம் சுவரில் சாய்ந்தார். "அஸ்லாம்தான் சார் சொன்னாரு. லைன் இங்கயே இருக்கு, யாருக்கும் தெரியாதுன்னு. அந்தம்மா குடுத்த வாடகைய நான் எடுத்துக்கிட்டேன். அது தப்புதான். சத்தியமா மிஷினத் தொடல சார்."

"பாஸ்வேர்டு தெரியாம எப்படி?" என்று கேட்டாள் ஹபீபா.

"மிஷினே கையில இருந்தா பாஸ்வேர்டெல்லாம் சும்மா. அத ஒதுக்கிட்டு உள்ள போயிடலாம்," என்றாள் மேகலா.

காசிநாதன் அஸ்லாமின் பக்கம் திரும்பினார். "ஜாவித் எழுதுனத யாருமே பாக்கல. அவன் தன் அப்பா பேர்ல எழுதுனான்கறது கூட இருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். 'நான் யார்கிட்டயும் சொல்லல'ன்னு அவரு சொல்றாரு. உங்களுக்கு யார் சொன்னது தம்பி?"

அஸ்லாம் வாசல் பக்கம் பார்த்தான்.

"நீங்க அனுப்புன ஆளுங்க யார் எழுதினாலும் இந்த அம்மா கண்ணுல படறதுக்கு முன்னாடியே அழிச்சீங்க. ஊர்ல எல்லா ஏஜென்ட் மேலயும் புகார் இருந்துச்சு. உங்க மேல மட்டும் இல்ல. அத நம்பிச் சனங்க உங்ககிட்ட வந்தாங்க."

ஹபீபா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "என் சைட்ட நம்பி," என்றாள். "நானே என் தம்பிய அனுப்புனேன்."

கீழே கரும்பு லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. போலீசுக்குப் போன் செய்ய மேகலா மாடியிறங்கிப் போனாள்.

"மேகலா தேடிப் பாத்துட்டா," என்றார் காசிநாதன். "அழிச்சது அழிஞ்சதுதாங்க. ஒரு வரிகூட மீட்க முடியல."

ஹபீபா அஸ்லாமை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உனக்கு மட்டும்தான் தெரியும். என்ன எழுதியிருந்தான்? ஏசித்தானே எழுதியிருந்தான்? பரவால்ல, சொல்லு."

"தெரியாது லாத்தா. நான் படிக்கல. உங்க அத்தா பேரப் பாத்தேன், அழிச்சிட்டேன்."

அவள் காசிநாதனைப் பார்த்தாள். "பொய்தானே சார் சொல்றான்?"

பொய் என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாக இருந்தது. "இல்லீங்க," என்றார். "சர்வர்ல எதை எப்பத் திறந்தாங்கங்கற அடையாளம் மட்டும் மிச்சம் இருக்கு. அவன் எழுதுனத யாருமே திறக்கல."

ஹபீபாவின் கைகள் மடியில் கிடந்தன. அவற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

"படிச்சிருந்தீன்னா அவன அங்கேயே விட்டிருப்பியா அஸ்லாமு?"

"அதுக்குத்தான் லாத்தா படிக்கல," என்றான் அவன்.