பட்டம் சொல்லி அழைத்தவள்

படைவீரர்கள் பூட்டிப்போட்ட மோங் தாவ் அரண்மனைக்குள் சாவ் நாங் யுன் சமையல்கட்டு வழியாக நுழைந்தாள். சாயங்கால வெயில் இன்னும் தரையில் கிடந்தது. ராணியாக வாழ்ந்த வீட்டுக்குள் திருடிபோல் வரவேண்டியதாயிற்றே என்று அழுகை முட்டியது.

வாடகை வீட்டில் மகன் லெங் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். எந்த மருந்தும் கேட்கவில்லை. அவன் அப்பாவை, இந்நாட்டை ஆண்ட சாவ்பாவை, அரியணை மண்டபத்திலிருந்து இழுத்துப்போன அன்று பயந்த பிள்ளையின் உயிர் அங்கேயே தங்கிவிட்டது. அதை அழைத்து, சோற்றுக் கூடையில் ஏற்றிக்கொண்டுபோய், அவன் மணிக்கட்டில் நூல் கட்ட வேண்டும்.

"லெங், வாடா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

உயிர் ஏறினால் கனக்க வேண்டிய கூடை கனக்கவில்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள்.

"சின்ன சாவ்பாவே, வாங்கன்னு கூப்பிடவா?" என்று கூட வந்த சமையல்காரி நாங் இன்னிடம் கேட்டாள்.

"ஐயோ, வேணாம்மா!" நாங் இன் அவள் கையைப் பிடித்தாள். "பட்டத்தைச் சொன்னா செத்துப்போன சாவ்பா அத்தனை பேரும் எழுந்து வந்துடுவாங்க."

"வரட்டுமே! என் புள்ளை சாகறான்டி."

அழைத்துவிட்டாள்.

மண்டபத்தில் பழைய சுருட்டு வாசனை எழுந்தது.

கூடை கனத்தது. இருவராகத் தூக்க வேண்டியிருந்தது.

வழியெல்லாம் பின்னால் வெறுங்கால்கள் நடந்துவந்தன. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் வாடகைக்குப் பிடித்திருந்த மரவீட்டில் நூல் கட்டியதும் லெங் கண் திறந்தான். காய்ச்சல் விட்டு உடம்பு ஜில்லென்றிருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு யுன் வாய்விட்டு அழுதாள்.

"யாரும்மா இவங்கல்லாம்?" பிள்ளை சுவரோரமாக ஒவ்வோர் இடமாய்ப் பார்த்தான். "எல்லாரும் தலைப்பாகை கட்டியிருக்காங்க."

நாங் இன் நெற்றி தரையில் பட விழுந்தாள்.

"அப்பாவும் வந்திருக்காரும்மா."

யுன் பிள்ளையை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். ரங்கூன் சிறையில் நலமாக இருக்கிறார் என்றுதானே அதிகாரிகள் சொன்னார்கள்? அதை நம்பித்தானே வாரம் தவறாமல் அவருக்குத் துணி அனுப்பினாள்?

"எங்கேடா?"

"படிக்குக் கீழே. நீ பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் உள்ளே வருவாராம்."

"கூப்பிடாதீங்கம்மா," நாங் இன் தரையிலிருந்தே கெஞ்சினாள். "கூப்பிட்டா அவர் செத்துட்டாருன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

யுன் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே மழை பிடித்தது. நனைந்துகொண்டு நிற்பாரே என்று நினைத்த கணத்தில் கை தானாக இறங்கியது.

"குன் ஹோம்," என்றாள் மெதுவாக. "உள்ளே வாங்க."

கீழ்ப்படி கிறீச்சிட்டது.